கடையில் வாங்கின மார்மலேட்

"கொலைப் படம்னு சொல்லித்தானே உட்கார வெச்சே, கொலை எப்போடி நடக்கும்?" என்று அம்மா மூன்றாவது தடவை கேட்டபோது படம் ஓட ஆரம்பித்து ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, இருபது முப்பது பேர் காரில் வந்து இறங்கியிருந்தார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று நானே இரண்டு தடவை மாற்றிச் சொல்லியிருந்தேன். வெளியே மயூர் விஹாரில் எதிர் பிளாக் தெரியாத அளவுக்கு மூடுபனி. உள்ளே ஹீட்டர், ரஜாய், ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை. டெல்லியில் ஜனவரி ஞாயிற்றுக்கிழமைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

படம் 'காஸ்ஃபோர்ட் பார்க்', 2001-இல் வந்தது. எனக்கு இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அம்மாவால் படிக்க முடியாது, அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், சொல்லிக்கொண்டே வந்ததால் இதுவரை கவனிக்காத நிறைய விஷயம் கண்ணில் பட்டது. ஒரு வசனத்தை நம் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று தெரிகிறது.

கதை சுருக்கமாக: 1932 நவம்பர். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து மாளிகை. சர் வில்லியம் மெக்கார்டில் என்ற பணக்காரர், பரம்பரைச் சொத்துக்காரர் இல்லை, ஃபாக்டரி வைத்துச் சம்பாதித்தவர், பறவை வேட்டைக்கு என்று சொந்தபந்தங்களைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரிடமிருந்து பணம் வேண்டும், எல்லாருக்கும் அவர் மேல் இளக்காரமும் உண்டு. மாடியில் இவர்கள். கீழே சமையலறை, துணி அறை, வெள்ளிப் பாத்திர அறை, அதில் இவர்களைவிட அதிக எண்ணிக்கையில் வேலைக்காரர்கள். ஒரு ராத்திரி நூலக அறையில் சர் வில்லியம் நெஞ்சில் கத்தியோடு செத்துக்கிடக்கிறார். யார் குத்தியது என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னாலும் படம் கெட்டுப்போகாது, அது வேறு விஷயம்.

இதைத் துப்பறியும் படமாக நினைத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கொலை இதில் ஒரு சாக்கு. முதல் காட்சியே போதும். கொட்டுகிற மழையில் ஒரு கிழவியம்மா, மேகி ஸ்மித் நடிக்கும் ட்ரென்தம் கோமாட்டி, அதாவது கவுன்டஸ், காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஃபிளாஸ்க் மூடி திறக்க வரவில்லை. கார் நிற்கிறது, முன்னால் உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் மேரி மழையில் இறங்கி, சுற்றி வந்து, நனைந்துகொண்டே மூடியைத் திறந்து கொடுக்கிறாள். அம்மா இதைப் பார்த்துவிட்டு, "கைல என்ன, மருதாணியா வெச்சிருக்கா?" என்றாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அந்த மேரி மாளிகைக்கு வந்து சேர்ந்ததும் அவளுடைய பெயர் போய்விடுகிறது. வந்திருக்கிற வேலைக்காரர்களை அவரவர் எஜமானர் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம், அதனால் இவள் இனிமேல் மிஸ் ட்ரென்தம். கீழே சாப்பாட்டு மேஜையில் யார் எங்கே உட்காருவது என்பதும் மாடியில் இருக்கும் எஜமானரின் அந்தஸ்துப்படிதான். பெரிய பட்டத்துக்காரரின் ஆள் முதலில், சின்னப் பட்டத்துக்காரரின் ஆள் கடைசியில். சிரித்தேன். அப்புறம் எங்கள் பிளாக் கேட்டில் இருக்கும் ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. தினமும் காலை ஆறரைக்கு உள்ளே வருகிற பெண்களின் பெயருக்கு நேராக செக்யூரிட்டி கார்டு என்ன எழுதுகிறார் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கிறேன். '402 மெய்ட்', '117 மெய்ட்', '117 குக்'. எங்கள் வீட்டுக்கு வருபவள் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள், முதலில் போகிற வீட்டின் நம்பர்தான் அவள் பெயர். மிஸ் ட்ரென்தமாவது ஒரு பெயர் மாதிரி இருக்கிறது.

இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் இந்தப் படத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: மாடியில் நடப்பது எதுவானாலும் அங்கே ஒரு வேலைக்காரர் இருந்தால்தான் கேமரா உள்ளே போகும். காப்பி டிரேயோடு ஒருவர், கதவோரம் ஒருவர், நெருப்பு மூட்டக் குனிந்திருக்கும் ஒருத்தி, யாராவது. இந்த விதி தெரியாமல் இரண்டு தடவை பார்த்தேன், தெரிந்த பிறகு படமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கடன் தகராறு, கள்ளக்காதல், பங்காளிச் சண்டை எல்லாம் அவர்கள் காதுபடத்தான் நடக்கிறது, ஆனால் பேசுகிறவர்களுக்கு அவர்கள் அங்கே நிற்பதே தெரிவதில்லை. நாற்காலி முன்னால் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். இவ்வளவையும் எடுத்தபோது ஆல்ட்மனுக்கு 75 வயது தாண்டிவிட்டது. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் என்ற இன்னொரு இயக்குநரைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆங்கில மாளிகையைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எடுத்தவர் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டிக்காரர் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். மாப்பிள்ளை வீட்டுப் பழக்கமெல்லாம் பெண் வீட்டாருக்குத்தானே முதலில் கண்ணில் படும்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு நிமிஷம் வருகிறது. எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது பரிமாறிக்கொண்டிருக்கும் எல்சி என்ற பெண் தன்னையறியாமல் எஜமானருக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசிவிடுகிறாள். அவ்வளவுதான். கொலை நடந்தபோதுகூட அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி விழவில்லை.

மார்மலேட் விஷயத்துக்கு வருகிறேன், தலைப்பே அதுதானே. காலையில் படுக்கைக்கு வரும் டிபன் தட்டைப் பார்த்த கவுன்டஸ் அம்மாள், மார்மலேட், அதாவது ஆரஞ்சுத் தோல் ஜாம், வீட்டில் போட்டது இல்லை, கடையில் வாங்கியது என்று கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்கிறார். இத்தனைக்கும் அவர் செலவுக்கு மாசாமாசம் பணம் கொடுப்பதே அந்த வீட்டு மனுஷன்தான், அதையும் நிறுத்தப்போகிறேன் என்கிறார் அவர். தட்டில் இருக்கும் ரொட்டியும் அவருடையது, மார்மலேடும் அவருடையது. ஆனால் முகச்சுளிப்பு மட்டும் இந்தம்மாளின் சொந்தச் சொத்து. இதைத் தமிழில் சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்படியே உங்க அத்தை" என்றாள். அத்தை ஒரு தடவை ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கியிருந்தபோது, அம்மா கரோல் பாகில் வாங்கி வந்த வடாமை எண்ணெயில் போட்டுப் பொரித்து வைக்க, அத்தை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வாங்கினதா? பரவாயில்லை, உனக்கு எங்கே நேரம்" என்றாராம். வருஷம் முப்பதுக்கு மேல் ஆகிறது, அம்மாவுக்கு அந்த 'பரவாயில்லை' இன்னும் ஆறவில்லை. அத்தை வந்துபோன டிக்கெட்டுக்கும் அப்பாதான் காசு கொடுத்தார் என்பது கூடுதல் தகவல்.

அம்மாவுக்குப் பிடித்த இன்னொரு ஆள் ஹாலிவுட் தயாரிப்பாளராக வரும் வைஸ்மன். அவர் மாமிசம் சாப்பிடமாட்டார் என்று தெரிந்ததும் சமையலறையே ஆட்டம் காண்கிறது. "பாவம், அந்த ஊர்ல என்னத்தைச் சாப்பிடுவான்" என்று அம்மா நிஜமாகவே கவலைப்பட்டாள். இந்த வைஸ்மன் 'சார்லி சான் இன் லண்டன்' என்ற துப்பறியும் படத்துக்காக ஆராய்ச்சி பண்ண வந்திருக்கிறார். அப்படி ஒரு படம் 1934-இல் நிஜமாகவே வந்தது, இங்கிலாந்து மாளிகையில் கொலை என்பதுதான் அதற்கும் கதை. விருந்தில் கொலையாளி யார் என்று கேட்கிறார்கள், சொன்னால் உங்களுக்குச் சுவாரசியம் போய்விடும் என்கிறார் இவர், நாங்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லையே என்கிறார் கவுன்டஸ். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஐவர் நொவெல்லோ கற்பனைப் பாத்திரம் இல்லை, அந்தக் காலத்தில் பெரிய சினிமா நட்சத்திரம், பாட்டுக்காரர். ராத்திரி அவர் பியானோவில் உட்கார்ந்து பாடும்போது கனவான்கள் சீட்டு விளையாடிக்கொண்டே, இவர் எப்போது முடிப்பார் என்று சலித்துக்கொள்கிறார்கள். வெளியே கதவு இடுக்கிலும் இருட்டு மாடிப்படியிலும் வேலைக்காரர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய படத்தில் சந்தோஷமாக இருப்பது அவர்கள் மட்டும்தான், அதுவும் ஒரு பாட்டு நேரம்.

சரி, போலீஸ். ஸ்டீபன் ஃப்ரை நடிக்கும் இன்ஸ்பெக்டர் தாம்ப்சன் பைப்பும் கையுமாக வருகிறார். தன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே பேசிவிடுகிறார்கள், அவருக்கும் அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை. கூட வந்திருக்கும் கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாகத் தடயத்தைக் காட்டுகிறார். கத்திக் குத்துக்கு இவ்வளவு கொஞ்சம் ரத்தம்தானா என்பதைக்கூட அவர்தான் கவனிக்கிறார். இன்ஸ்பெக்டர் காதில் ஏறவில்லை. வேலைக்காரர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, இறந்தவரோடு உண்மையான தொடர்பு உள்ளவர்களைத்தான் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். இத்தனை வருஷம் அந்த ஆளின் படுக்கையை விரித்து, காப்பி கொண்டுபோய், சட்டையைத் தேய்த்தவர்களுக்கு அவரோடு தொடர்பு இல்லையாம்.

அந்தக் காலத்துத் துப்பறியும் கதைகளிலும் இதே கணக்குதான். எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்கர் 1928-இல் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு 20 விதிகள் போட்டார். 11-ஆவது விதி: வேலைக்காரனைக் கொலையாளி ஆக்கக்கூடாது. ஏதோ பரிவு என்று நினைத்துவிடாதீர்கள். அது ரொம்ப சுலபமான விடையாம், குற்றவாளி கொஞ்சம் மதிக்கத்தக்க ஆளாக இருக்க வேண்டுமாம். கொலை செய்வதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்கிறார்.

ஆனால் நிஜ இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1860 ஜூன் கடைசியில் வில்ட்ஷயரில் ரோடு என்ற கிராமத்து வீட்டில் சவில் கென்ட் என்ற மூன்று வயதுக் குழந்தையைக் கொன்று, வேலைக்காரர்களின் கக்கூஸ் குழியில் போட்டிருந்தார்கள். உள்ளூர் போலீஸ் முதலில் பிடித்தது குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவை. லண்டனிலிருந்து வந்த ஜோனதன் விச்சர் என்ற துப்பறிவாளர், தோட்டக்காரர் மகன், சலவைக்குப் போட்ட துணிக் கணக்கைப் பார்த்தார். அந்த வீட்டுப் பெண் கான்ஸ்டன்ஸுக்கு, பதினாறு வயது, இருக்க வேண்டிய மூன்று நைட்கவுனில் ஒன்று குறைந்தது. அவளைக் கைது செய்தார். கண்ணியமான வீட்டுப் பெண்ணை இப்படிப் பண்ணலாமா என்று ஊரே கொதித்தது, அவளை விட்டுவிட்டார்கள், விச்சர் பெயர் கெட்டது, ஆயாவை மறுபடி பிடித்து மறுபடி விட்டார்கள். 1865-இல் கான்ஸ்டன்ஸ் தானாக வந்து நான்தான் செய்தேன் என்றாள். அதற்குள் விச்சர் வேலையைவிட்டே போயிருந்தார். இருபது வருஷம் சிறையில் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியா போய், நர்ஸாக வேலை பார்த்து, நூறு வயது வாழ்ந்தாள் அவள். சலவைக் கணக்கில் ஒரு நைட்கவுன். எந்த வீட்டிலும் இதெல்லாம் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, துணி எடுத்துப் போடுகிறவளுக்குத்தான் தெரியும்.

இங்கே டெல்லியில் நாம் விச்சருக்கு முந்தைய கட்டத்திலேயே நின்றுவிட்டோம் என்று தோன்றும். வேலைக்கு ஆள் வைத்தால் போலீஸில் வெரிஃபிகேஷன் செய்ய வேண்டும், அதற்கென்று தனிப் படிவம் உண்டு. வேலைக்கு வைக்கிறவரை வெரிஃபை செய்ய ஒரு படிவமும் கிடையாது. தாம்ப்சன் கீழே இருப்பவர்களைப் பெரிதாக ஒன்றும் கேட்காமலே போனார். நம்மூரில் ஒரு கம்மல் காணோம் என்றால் அவர்களை மட்டும்தான் கேட்பார்கள்.

இதை ஏதோ சமூக அக்கறையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது.

1993 நவராத்திரி. அப்பா சென்ட்ரல் கவர்ன்மெண்ட், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், எனக்குப் பன்னிரண்டு வயது. வேலைக்கு வந்த அக்கா விழுப்புரம் பக்கம், ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், இருந்தாள், என்னைப் 'பாப்பா' என்பாள். எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்பா விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்டை விடவில்லை என்பது பால்கனி கூட்டுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மாவிடம் அவள் சொன்னதே இல்லை. அவளுக்கென்று ஒரு டம்ளர் இருந்தது, ஒரு பக்கம் ஒடுங்கியது, பாத்ரூம் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். அந்த வருஷம் கொலு முடிந்து எடுத்து வைக்கும்போது பாட்டி கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. சின்னது, சுண்டைக்காய் மாதிரி கைக்குள் அடங்கும், மூடியில் மயில்.

அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் இப்போது யோசித்தால் என்னவோ செய்கிறது. "கொஞ்சம் தேடிப் பாரேன், உன் பையில கிய்யில தவறி விழுந்திருக்கும்" என்றாள், ரொம்ப மரியாதையாக. அக்கா தன் ஒயர் கூடையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு சீப்பு, வெற்றிலை மடிப்பு, பேப்பரில் கட்டின சுண்டல், சுண்டல் நாங்கள் கொடுத்தது. எல்லாவற்றையும் அவளே பொறுக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. அப்போது பாதி மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து இரண்டு வீட்டுக்கும் விஷயம் போய், அங்கேயும் வேறு ஆள் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் கொலுப் பெட்டி இறக்கினோம். செட்டியார் பொம்மைக்கு முன்னால் வைக்கிற கடைச் சாமான்கள், சொப்புகள், துவரம்பருப்பு வைக்கும் குட்டிக் கிண்ணங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். திறந்தால் பருப்புக் கிண்ணங்களோடு மயில் மூடி. செட்டியார் கடையில் கற்பூரம் விற்க ஒரு டப்பா வேண்டும் என்று முந்தின வருஷம் அதை எடுத்து வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த டின்னைக் கட்டி வைத்ததும் யார் என்று அம்மாவுக்கும் தெரியும். படத்தில் கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன் என்றேன் இல்லையா, இதில் சொல்லிவிடுகிறேன், நான்தான். அம்மா சிமிழைப் புளி போட்டுத் தேய்த்து ஸ்வாமி அலமாரியில் வைத்தாள். ஜுக்கிக்கு யாரும் போகவில்லை. அந்த டம்ளர் அதற்குள் புது ஆளுக்கு என்று ஆகியிருந்தது.

படத்தை எழுதின ஜூலியன் ஃபெலோஸுக்கு இதற்கு ஆஸ்கர் கிடைத்தது. பின்னால் 2010-இல் 'டௌன்டன் ஆபி' என்று மாளிகை, பட்லர், பணிப்பெண் என்று இதே உலகத்தைச் சர்க்கரைப்பாகில் போட்டு எடுத்தார், 2011-இல் நிஜமாகவே பிரபு ஆகி மேல்சபைக்குப் போய்விட்டார். கிண்டல் பண்ணினவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அந்தத் தொடரும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை, ஆனால் அதில் பிரபு வேலைக்காரர்களின் கஷ்டநஷ்டமெல்லாம் விசாரிக்கிற தங்கமான மனுஷர். மழையில் இறங்கி மூடி திறக்கிற ஆளின் கழுத்துக்குள் தண்ணீர் போகிறது என்பது காஸ்ஃபோர்ட் பார்க்கில்தான் தெரியும்.

கடைசியில் விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். மேஜையில் வாய் திறந்த எல்சிக்கு அந்த வீட்டில் இனி இடமில்லை, செத்துப்போனவரின் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வைஸ்மனோடு காரில் ஏறிப் போகிறாள். வேர்க்கடலைக் கிண்ணம் காலியாகியிருந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவளுக்கு அந்த மாச சம்பளத்தைக் கொடுத்தாளாடி?" என்றாள்.

"தெரியலைம்மா. படத்துல காட்டலை."

"பாதி மாசம் ஆயிருந்ததே" என்று சொல்லிவிட்டு, ரஜாயை விலக்கி, பாலைச் சூடு பண்ண எழுந்து போனாள்.